தாய்லாந்துக்காரரைத் திருமணம் செய்யும் முன்: வீடும் மண்ணும் யார் பெயரில்?

பாங்காக்கிற்கோ சியாங் மாய்க்கோ வேலைக்கு வந்து, இங்கேயே ஒருவரைப் பிடித்துப்போய், கல்யாணப் பேச்சு வரை வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணவர் கோன் கேன் பக்கத்துக்காரர். ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, ஒரே கேள்விக்கு மேசைக்கு மேசை வேறு பதில் கேட்டுத்தான் இதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு அறிவுரை இரண்டு பக்கமிருந்து வரும். இங்கே பல வருடமாக இருக்கும் வெளிநாட்டவர்களில் பலர், போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய பணத்தை மட்டும் வீட்டில் போடு என்பார்கள். புகுந்த வீட்டிலோ, குடும்பத்துக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் பத்திரத்தை உங்கள் துணையின் குணத்துக்கு வைக்கும் சோதனையாகப் பார்க்கிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. என் கணவரை நான் முழுக்க நம்புகிறேன். ஆனால் அவருக்கு நாளை ஏதாவது ஆனால் என் முன்னால் உட்காரப்போவது அவர் இல்லை. நில அலுவலக அதிகாரி, வங்கி, அவருடைய உடன்பிறந்தவர்கள். அவர்களிடம் காட்டத்தான் காகிதம். இதை அப்படியே துணையிடம் சொல்லுங்கள். என் வீட்டில் இந்தப் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, அவரும் தன் பங்குக்கு என்னிடம் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

1. திருமணப் பதிவுக்கு முன் உட்கார்ந்து பேசுங்கள்

கேட்கவேண்டியவை: துணையின் பெயரில் என்ன கடன் இருக்கிறது? யாருடைய கடனுக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? அப்பா அம்மா இருக்கும் வீட்டின் மண் யார் பெயரில் இருக்கிறது, அது அடமானத்தில் இருக்கிறதா? கிராமப் பக்கம் அண்ணன் தம்பிக்கும் சித்தப்பாவுக்கும் ஜாமீன் போடுவது சகஜம், நம் ஊரைப் போலத்தான். இதைக் கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. உங்கள் கடன்களையும் அதே மேசையில் சொல்லுங்கள்.

நீங்கள் மாப்பிள்ளை என்றால் 'சின் சோட்' பேச்சு வரும். பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை கொடுக்கும் பணம் அது. கூடவே தங்கமும் கேட்பார்கள். இங்கே தங்கத்தை 'பாட்' எடையில் சொல்வார்கள். நகையில் ஒரு பாட் என்பது 15.16 கிராம், அதாவது இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு என்பதோடு, சடங்கு முடிந்த பின் அந்தப் பணம் பெற்றோரிடமே இருக்குமா, தம்பதிக்குத் திரும்பி வருமா என்பதையும் முன்கூட்டியே தெளிவாகக் கேளுங்கள். பல குடும்பங்களில் சபையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உங்களுக்கும் அப்படித்தான் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

2. பதிவுக்கான ஆவணங்கள்

புத்த பிக்குகள் ஓதி நடத்தும் சடங்குக்கும் சரி, சீலோம் மாரியம்மன் கோயிலில் கட்டும் தாலிக்கும் சரி, சட்டத்தில் கணக்கு இல்லை. மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் திருமணம். அதை மாகாணங்களில் 'அம்பே' என்பார்கள், பாங்காக்கில் 'கேட்'.

வரிசை இதுதான். முதலில் உங்கள் நாட்டுத் தூதரகத்தில், நீங்கள் திருமணம் செய்யத் தடையில்லாதவர் என்பதற்கான சான்று வாங்கவேண்டும். அதைத் தாய்லாந்து மொழியில் மொழிபெயர்க்கவேண்டும். அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றளிப்புப் பிரிவில் முத்திரை. பாங்காக்கில் அது சேங் வத்தனா சாலையில் இருக்கிறது. சாதாரணச் சேவைக்கு ஒரு முத்திரைக்கு 200 பாட் (இது தங்க எடை இல்லை, இந்த நாட்டு நாணயம்), அவசரச் சேவைக்கு 400. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினாலும் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவார்கள், அதனால் கையில் கூடுதலாகச் சில நாள் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குள் செய்யும் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பதிவேட்டுக்கு 'கோ ரோ 2' என்று பெயர், உங்கள் கையில் தரும் சான்றிதழ் 'கோ ரோ 3'. இரண்டின் பிரதியையும் அன்றே வாங்கிவிடுங்கள், விசா நீட்டிப்புக்கு இரண்டும் வேண்டும். விவாகரத்தான அல்லது கணவரை இழந்த பெண் என்றால் 310 நாள் காத்திருப்பு விதி உண்டு; கர்ப்பம் இல்லை என்ற மருத்துவச் சான்று இருந்தால் அதற்கு முன்பே பதிவு செய்யலாம்.

தமிழர்களுக்கு இங்கே தனியாக ஒரு பொறி இருக்கிறது: இனிஷியல். பாஸ்போர்ட்டில் நம்மில் சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற இடமே காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். மொழிபெயர்ப்பாளர் தன் காதில் விழுந்தபடி தாய்லாந்து எழுத்தில் எழுதுவார். அடுத்த ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் வேறு மாதிரி எழுதுவார். திருமணச் சான்றில் ஒரு எழுத்து, நிலப் பத்திரத்தில் இன்னொரு எழுத்து என்றால் பின்னாளில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலையவேண்டும். முதல் மொழிபெயர்ப்பிலேயே பெயரின் எழுத்தை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி வைத்து, அப்புறம் போகும் ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

3. திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தம்

எது யாருடைய சொத்து என்று இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் இது. இதற்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு: பதிவு நாள். சிவில், வணிகச் சட்டத்தின் 1466ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், இருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் கையெழுத்திடவேண்டும், திருமணப் பதிவின்போதே பதிவேட்டில் ஏறவேண்டும். மறுநாள் கொண்டுபோனால் செல்லாது. பதிவுக்குப் பின் அதை மாற்ற நீதிமன்ற அனுமதி வேண்டும். எல்லா மாவட்ட அலுவலகத்திலும் இது பழக்கமான வேலை கிடையாது. முன்கூட்டியே போன் செய்து, ஒப்பந்தத்தோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ தெரிந்த வக்கீலிடம் எழுதி வாங்கி வராதீர்கள். தம்பதியின் சொத்து விவகாரம் வெளிநாட்டுச் சட்டப்படி நடக்கும் என்று எழுதினால் அந்தப் பகுதி செல்லாது என்று 1465ஆம் பிரிவு சொல்கிறது. இங்குள்ள வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு இரண்டு மொழியிலும் எழுதுங்கள். துணை தனக்கென்று வேறொரு வழக்கறிஞரிடம் காட்டட்டும். அதற்கு ஆகும் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டாலும் நஷ்டமில்லை. தான் புரிந்துகொண்டுதான் கையெழுத்திட்டோம் என்று அவருக்குத் தெரியவேண்டும்.

இந்த நாட்டுச் சட்டம் தம்பதியின் சொத்தை இரண்டாகப் பார்க்கிறது. 'சின் சுவன் துவா' என்பது தனிச்சொத்து: கல்யாணத்துக்கு முன் இருந்தவை, அணிந்துகொள்ளும் நகை, கல்யாணத்துக்குப் பின் தானமாகவோ உயில் வழியாகவோ தனக்கென்று வந்தவை. 'சின் சோம்ரோட்' என்பது இருவருக்கும் பொதுவானது: கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்த கிட்டத்தட்ட எல்லாமே. விவாகரத்தானால் பொதுச்சொத்து சமமாகப் பிரியும். அதனால் உங்கள் நகைகளைப் படம் எடுத்து, எடை குறித்து, ஒப்பந்தத்தோடு இணையுங்கள். ஊரில் அப்பா எழுதிவைத்த வீடு உங்கள் தனிச்சொத்துதான். ஆனால் கல்யாணத்துக்குப் பின் அந்த வீட்டிலிருந்து வரும் வாடகை பொதுச்சொத்து. இது தெரியாமல் வாடகைப் பணத்தைச் சேர்த்துவைத்து, எல்லாம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

4. மண் வாங்கும்போது நீங்கள் எதில் கையெழுத்திடுகிறீர்கள்

வெளிநாட்டவர் பெயரில் மண் வாங்க முடியாது. தாய்லாந்துக்காரரான உங்கள் துணை வாங்கலாம். ஆனால் பதிவின்போது, இந்தப் பணம் தாய்லாந்துக்காரரின் தனிச்சொத்து, எனக்கு இதில் பங்கில்லை என்று இருவரும் எழுதிக்கொடுக்கவேண்டும். பணம் முழுக்க உங்களுடையதாக இருந்தாலும் அதுதான் படிவம். அந்தக் கையெழுத்துக்குப் பின் மண் துணையின் தனிச்சொத்து. பொதுச்சொத்தான நிலத்தை விற்க இருவர் சம்மதமும் தேவை. இதை விற்க உங்கள் சம்மதம் தேவையில்லை. இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுவது ஒன்று, பத்தோடு பதினொன்றாக நினைத்துக் கையெழுத்திடுவது வேறு. நான் மண்ணின் விலையை என் கணவருக்கான பரிசாகவே மனதில் வைத்துக்கொண்டேன். அதன் மேல் நிற்கும் வீட்டைத்தான் என் பக்கம் பாதுகாத்தேன். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் கையெழுத்துக்கு முன்பே ஒரு கணக்கு இருக்கட்டும்.

பத்திரத்தின் வகையைப் பாருங்கள். மேலே சிவப்புக் கருடன் இருந்தால் 'சனோட்', அதாவது அளந்து எல்லைக்கல் நட்ட முழு உரிமைப் பத்திரம். பச்சைக் கருடன் 'நோ சோ 3 கோ', கருப்புக் கருடன் 'நோ சோ 3'. இவற்றின் உரிமை ஒரு படி குறைவு. 'சோ போ கோ 4-01' என்று இருந்தால் அது நிலச்சீர்திருத்தத்தில் விவசாயிக்கு ஒதுக்கிய மண். அதை விற்கவே முடியாது. விலை மலிவு என்று யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பத்திரத்தின் பின்பக்கத்தில் அடமானம், குத்தகை எல்லாம் பதிந்திருக்கும். கையில் இருக்கும் பத்திரத்தோடு நிற்காமல், அந்தப் பகுதி நில அலுவலகத்தில் இருக்கும் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவு: அரசு மதிப்பில் 2 சதவீதம் பெயர் மாற்றக் கட்டணம். அதோடு விற்பவர் வாங்கி ஐந்து வருடம் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் 3.3 சதவீதத் தனி வணிக வரி, இல்லையென்றால் 0.5 சதவீத முத்திரைத் தீர்வை. விற்பவரின் வருமான வரியும் அன்றே கட்டவேண்டும். இவற்றில் எது யார் பங்கு என்பது பேரம்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. 'தோ தோ 21' என்ற அதிகாரப் பத்திரத்தில் வெற்றாகக் கையெழுத்திட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள், ஏஜெண்ட் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். அன்றைக்குப் படிவங்களை வாசித்துச் சொல்ல, துணையைத் தவிர இன்னொருவரும் உங்களோடு இருக்கட்டும்.

5. மண்ணின் மேல் உங்கள் பெயர் ஏறும் வழிகள்

மூன்று வழி உண்டு, மூன்றும் நில அலுவலகத்தில் பதிவாகிப் பத்திரத்தில் குறிக்கப்படும்.

அனுபவ உரிமை, 'சித்தி கெப் கின்'. உங்கள் ஆயுள் முழுக்க அந்த இடத்தில் இருக்கலாம், அதன் பலனை அனுபவிக்கலாம். மண் வேறொருவர் கைக்குப் போனாலும் உரிமை தொடரும். உங்கள் மரணத்தோடு முடிந்துவிடும்.

கட்டட உரிமை, 'சித்தி நுவா புன் தின்'. மண் ஒருவருடையது, அதன் மேல் உள்ள கட்டடம் உங்களுடையது. இதைப் பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்லலாம். வீடு கட்டப்போகிறீர்கள் என்றால் எனக்குப் பிடித்த வழி இதுதான். கட்டட அனுமதியை உங்கள் பெயரில் வாங்குங்கள், மேஸ்திரியோடு போடும் ஒப்பந்தமும் ரசீதுகளும் உங்கள் பெயரில் இருக்கட்டும். இங்கே வீட்டுக்கென்று தனிப் பட்டா கிடையாது. இந்தக் காகிதங்கள்தான் வீடு உங்களுடையது என்பதற்குச் சான்று.

குத்தகை. அதிகபட்சம் 30 வருடம். மூன்று வருடத்துக்கு மேல் என்றால் பதிவு செய்தே ஆகவேண்டும். மொத்தக் குத்தகைத் தொகையில் 1 சதவீதக் கட்டணமும் 0.1 சதவீத முத்திரைத் தீர்வையும் உண்டு. 30, அப்புறம் இன்னொரு 30, அப்புறம் இன்னொரு 30 என்று விற்பவர்கள் காட்டும் ஒப்பந்தத்தில் முதல் 30ஐ மட்டும் கணக்கில் வையுங்கள்.

இனி, பலரும் விழும் பள்ளம். கல்யாணத்துக்குப் பின் கணவனும் மனைவியும் தங்களுக்குள் செய்துகொள்ளும் எந்த ஒப்பந்தத்தையும், திருமணம் நீடிக்கும் காலத்திலும் அது முடிந்து ஒரு வருடம் வரையிலும், இருவரில் ஒருவர் ரத்து செய்யலாம் என்கிறது 1469ஆம் பிரிவு. துணை எழுதிக்கொடுக்கும் அனுபவ உரிமை, குத்தகை, கடன் பத்திரம் எல்லாம் இந்த வலைக்குள் வரும். அதனால் காலம் முக்கியம். துணையிடம் ஏற்கெனவே மண் இருந்தால், திருமணப் பதிவுக்கு முன்பே உரிமையைப் பதியுங்கள். மண் மாமனார் மாமியார் பெயரில் இருந்தால் அவர்களிடமிருந்து பதியலாம், அது தம்பதிக்குள் நடக்கும் ஒப்பந்தம் ஆகாது. கணவனுக்கோ மனைவிக்கோ அனுபவ உரிமை பதியச் சில நில அலுவலகங்கள் தயங்குகின்றன; அங்கே போய் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் வழக்கறிஞருக்குப் பணம் கொடுங்கள்.

சனோட்டின் அசலை லாக்கரில் பூட்டி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். உரிமையாளர் தொலைந்துவிட்டது என்று சொல்லி மாற்றுப் பத்திரம் வாங்க வழி இருக்கிறது. பூட்டி வைப்பதால் வீட்டுக்குள் மனக்கசப்பு மட்டும்தான் மிஞ்சும்.

தாய்லாந்துக்காரர்களைப் பெயருக்குப் பங்குதாரராக வைத்துக் கம்பெனி தொடங்கி மண் வாங்கும் யோசனை காதில் விழும். அது குற்றம், சிறைத்தண்டனை வரை போகும். அந்தப் பெயர்களில் உங்கள் துணையின் பெயரும் இருந்தால் அவரும் மாட்டுவார்.

6. காண்டோ (அடுக்குமாடி வீடு): உங்கள் சொந்தப் பெயரிலேயே வாங்கலாம்

ஒரு கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். அந்தப் பங்கில் இன்னும் இடம் இருக்கிறதா என்று நிர்வாக அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள், பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் சேர்த்து.

பணம் வெளிநாட்டு நாணயமாகவே தாய்லாந்து வங்கிக்கு வந்து, இங்கே பாட்டாக மாறவேண்டும். ஊரிலேயே பாட்டாக மாற்றி அனுப்பினால் நில அலுவலகத்தில் நிற்காது. 50,000 டாலருக்கு மேல் என்றால் வங்கி அந்நியச் செலாவணிப் படிவம் தரும், அதற்குக் கீழ் என்றால் கடிதம் கேட்டு வாங்குங்கள். அனுப்புபவர் பெயரும் வாங்குபவர் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இந்தியாவிலிருந்து அனுப்புபவர்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு நிதியாண்டுக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர். வங்கி வரியும் பிடிக்கும். அதை வருமான வரிக் கணக்குத் தாக்கலில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அந்தப் பணம் மாதக்கணக்கில் முடங்கும். கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்த பணத்தில் வாங்கினால் காண்டோவும் பொதுச்சொத்துதான், பத்திரத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தாலும்.

7. கடன் சம்மதக் கையெழுத்து

துணை கடன் வாங்கும்போது வங்கி உங்களிடம் ஒரு சம்மதக் கடிதத்தை நீட்டும். சும்மா ஒரு சம்பிரதாயம் என்பார்கள். துணை தனக்காக மட்டும் வாங்கிய கடனை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது இருவரின் பொதுக்கடன் ஆகிவிடும். குடும்பத்துக்கான கடன் என்றால் தயங்காமல் போடுங்கள். மச்சானின் பிக்கப் வண்டிக்கு என்றால், முடியாமல் போனால் இருவரும் சேர்ந்து கட்டத் தயாரா என்று அன்றிரவே பேசிவிட்டுப் போடுங்கள்.

8. உயில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

உயில் இல்லாமல் துணை இறந்தால் அவர் சொத்து சட்டப்படியான வாரிசுகளுக்குப் போகும். பிள்ளைகள் இருந்தால் உங்களுக்கு ஒரு பிள்ளையின் பங்கு, உயிரோடு இருக்கும் மாமனார் மாமியாருக்கும் அதே அளவு. பிள்ளை இல்லை, ஆனால் அவருடைய பெற்றோரோ கூடப்பிறந்தவர்களோ இருக்கிறார்கள் என்றால் உங்களுக்குப் பாதி. அந்தப் பங்கில் வரும் மண்ணையும் வெளிநாட்டவராக நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது என்றே திட்டமிடுங்கள். அதிகபட்சம் ஒரு வருடத்துக்குள் விற்கவேண்டிய நிலை வரும். துக்கத்தில் இருக்கும்போது, அவசரத்தில், உறவினர்களோடு பங்கு பேசி விற்கவேண்டும். வெளிநாட்டுத் துணைவர்கள் வீட்டை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் கணிப்பு, ஏமாற்றத்தால் இழப்பதைவிட.

நாங்கள் செய்தது: மண் பிள்ளைக்கு, ஆயுள் வரை குடியிருக்கும் அனுபவ உரிமை எனக்கு என்று என் கணவர் உயில் எழுதினார். பெற்றோரில் ஒருவர் தாய்லாந்துக்காரர் என்பதால் பிள்ளைக்கு இந்த நாட்டுக் குடியுரிமை உண்டு, பிள்ளை பெயரில் மண் இருக்கலாம். பிள்ளை இல்லாதவர்கள், துணையின் குடும்பத்தில் யார் பெயருக்கு மண் போகவேண்டும், யார் உங்களை அங்கே இருக்க விடுவார் என்று சேர்ந்து முடிவெடுங்கள்.

உயிலில் தேதி வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடன் இருந்து கையெழுத்திடவேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கக்கூடாது. மாவட்ட அலுவலகத்திலேயே எழுதிப் பதிந்து வைக்கவும் வசதி உண்டு, செலவும் மிகக் குறைவு. ஊரில் சொத்து இருந்தால் அதற்குத் தனி உயில் எழுதுங்கள். இரண்டாவதை எழுதும் வக்கீல் வழக்கம்போல 'இதற்கு முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து' என்று சேர்த்துவிடுவார். அது முதல் உயிலையும் அடித்துவிடும். இந்த நாட்டுச் சொத்துக்கு மட்டும், அந்த நாட்டுச் சொத்துக்கு மட்டும் என்று வரையறுக்கச் சொல்லுங்கள்.

9. வீட்டுப் புத்தகமும் விசாவும்

'தபியன் பான்' என்ற வீட்டுப் பதிவுப் புத்தகம் உள்ளூர்க்காரர்களுக்கு நீலம், நமக்கு மஞ்சள். மஞ்சள் புத்தகமும் அதோடு கிடைக்கும் இளஞ்சிவப்பு அடையாள அட்டையும் முகவரிச் சான்றுக்கு நன்றாக உதவும். வீட்டின் உரிமைக்கு இரண்டும் சான்று ஆகாது.

தாய்லாந்துப் பெண்ணை மணந்த வெளிநாட்டுக் கணவர் வருடாந்திர நீட்டிப்புக்கு, தாய்லாந்து வங்கியில் தன் பெயரில் 4,00,000 பாட் இரண்டு மாதம் வைத்திருக்கவேண்டும், அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் காட்டவேண்டும். கட்டணம் 1,900 பாட். வீட்டில் இருவரும் சேர்ந்து இருக்கும் படங்களும் வீட்டுக்கு வழி காட்டும் வரைபடமும் கேட்பார்கள், சில சமயம் நேரில் வந்தும் பார்ப்பார்கள். கோப்பு மேலிடத்துக்குப் போய்வரப் பொதுவாக ஒரு மாதம் ஆகும். அதற்குள் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தால் முதலில் ரீ-என்ட்ரி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இருக்கும் விசாவே போய்விடும். அந்த 4,00,000 பாட்டை வீட்டுச் செலவில் சேர்க்காமல் தனிக் கணக்கில் வைப்பது நல்லது. வீடு கட்டும் வருடத்தில்தான் அதில் கை வைக்கத் தோன்றும்.